ஏத்தங்காய் சிப்ஸ் ஆலைக்கு எந்த வெளிச்சம்?

கேள்வி: திருவனந்தபுரம் பாப்பனங்கோட்டில் ஏத்தங்காய் சிப்ஸ், முறுக்கு, மிக்சர் தயாரிக்கும் சிறு ஆலை நடத்துகிறோம். அறுபது டியூப்லைட்டுகள், எல்லாம் பழைய சோக் வைத்தவை, தினமும் பன்னிரண்டு மணி நேரம் எரிகின்றன. எல்.இ.டி.க்கு மாறச் சொல்கிறார் வயர்மேன். கடைக்காரர் விலை குறைந்த குழல்களை மொத்தமாகத் தருவதாகச் சொல்கிறார். பில் எவ்வளவு குறையும்? உணவு ஆலை என்பதால் தனியாகக் கவனிக்க வேண்டியது உண்டா ஐயா?

பதில்: பில் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். 36 வாட் என்று எழுதிய நான்கடிக் குழல், பழைய சோக்கையும் சேர்த்தால் 46 முதல் 48 வாட் வரை இழுக்கும். அதே வெளிச்சத்துக்கு எல்.இ.டி.யில் 18 முதல் 20 வாட் போதும். விளக்குக்கு 28 வாட் மிச்சம், ஆண்டுக்கு 300 வேலை நாள் என்று வைத்தால் அறுபது விளக்குகளுக்குச் சுமார் 6,000 யூனிட் மிஞ்சும். யூனிட் 7 ரூபாய் என்றால் 42,000 ரூபாய். மாற்றும்போது சோக்கையும் ஸ்டார்ட்டரையும் கழற்றச் சொல்லுங்கள். சோக் உள்ளேயே கிடந்தால் அது கொஞ்சம் மின்சாரம் தின்றுகொண்டே இருக்கும்.

நீங்கள் மாறாவிட்டாலும் காலம் மாற்றிவிடும். குண்டு பல்பும் சி.எஃப்.எல்.லும் 2020 நவம்பர் முதல் விற்கப்படாது என்று அந்த ஆண்டு பட்ஜெட்டிலேயே அன்றைய கேரள நிதியமைச்சர் தாமஸ் ஐசக் அறிவித்தார். காசர்கோடு மாவட்டத்துப் பீலிக்கோடு, குண்டு பல்பே இல்லாத ஊராட்சி என்று பெயர் வாங்கியது. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையின் 2023 மாநாட்டில், டியூப்லைட் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் நிறுத்த நாடுகள் ஒப்புக்கொண்டன. ஆக, மாறுவதில் கேள்வியே இல்லை. எதை வாங்குவது என்பதில்தான் நீங்கள் நிதானிக்க வேண்டும்.

உங்கள் சரக்கு மாஸ்டர் சிப்ஸ் பதத்தை எப்படிப் பார்க்கிறார்? எண்ணெயின் சலசலப்பு அடங்குவதைக் காதால் கேட்கிறார், நிறத்தைக் கண்ணால் பார்க்கிறார். மலிவு எல்.இ.டி.யில் பெரும்பாலானவை 6500 கெல்வின், நீலம் தூக்கலான வெள்ளை. மஞ்சளும் பொன்னிறமும் அதில் வெளிறித் தெரியும். இன்னும் வேகவில்லை என்று அவர் ஒரு நிமிடம் கூடுதலாக விட்டால் அந்த ஈடு முழுக்கக் கருகல் வாடை அடிக்கும். பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் இருக்கும். பொருள்களின் நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு அது. சூரிய வெளிச்சத்துக்கு 100, சாதாரண எல்.இ.டி. குழலுக்குப் பெரும்பாலும் 80. வறுக்கும் அடுப்பருகிலும் கருகலைப் பொறுக்கும் மேசையிலும் 90-க்குக் குறையாமல், 4000 கெல்வினில் வாங்குங்கள். இந்தச் சில விளக்குகளுக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தயங்கவே வேண்டாம். கிடங்குக்கும் நடைவழிக்கும் 80 தாராளம்.

வெளிச்சத்தின் அளவும் முக்கியம். சரக்கைச் சோதிக்கும் இடத்தில் 540 லக்ஸ், வேலை நடக்கும் அறையில் 220, மற்ற இடங்களில் 110 என்பது கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவுத் தர அமைப்பின் சுகாதார விதிகளில் நெடுங்காலமாக இருந்த அளவு. லக்ஸ் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி, மேசை மட்டத்தில் வைத்து அளந்து பாருங்கள். உங்கள் பொறுக்கும் மேசை இப்போதே இருட்டில் இருக்கக்கூடும். அப்படியானால் அங்கே விளக்கைக் கூட்ட வேண்டும், மிச்சம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

அடுத்தது கண்ணாடி. மலிவு எல்.இ.டி. குழல்களில் பல இன்னும் கண்ணாடிக் குழல்களே. விளக்கு உடைந்தாலும் உணவில் விழாதபடி பிட்டிங் இருக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2011 உரிம விதிகளின் நான்காம் அட்டவணை சொல்கிறது. பாலிகார்பனேட் மூடி போட்ட, நீரும் தூசியும் புகாத ஐ.பி.65 பிட்டிங்கை வாங்குங்கள். காஸ்டிக் சோடா கலந்த நீரால் அந்த மூடியைத் துடைக்க வேண்டாம். காரம் பாலிகார்பனேட்டை அரித்து விரிசல் விடச் செய்யும். அடுப்புக்கு நேர் மேலே எதையும் தொங்கவிடாதீர்கள். எண்ணெய்ப் புகை படிந்து வெளிச்சம் மங்கும், விளக்குக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் என்ற பாகம் வெப்பத்தில் சீக்கிரம் போகும். பக்கவாட்டில், சற்றுத் தள்ளிச் சாய்த்து வையுங்கள்.

காய் சீவும் இயந்திரத்தின் அருகே இன்னொரு ஆபத்து இருக்கிறது. தரமில்லாத டிரைவர், மின்சாரத்தின் போக்கிலேயே விளக்கை நொடிக்கு நூறு முறை துடிக்க விடும். கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் சுழலும் பிளேடு நின்றதுபோலவோ மெதுவாகச் சுற்றுவதுபோலவோ தோன்றலாம், அதை நம்பி யாராவது விரலைக் கொண்டுபோகலாம். கடையிலேயே விளக்கைப் போட்டு, மொபைல் கேமராவைக் கிட்டத்தில் பிடியுங்கள். திரையில் கருப்புப் பட்டைகள் ஓடினால் அந்த விளக்கு சீவும் அறைக்கு வேண்டாம்.

துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழைக் காலத்து இடிமின்னல் உங்களுக்குப் பழக்கம்தானே? எல்.இ.டி. டிரைவர்கள் அதில்தான் கூட்டமாகச் செத்துப்போகும். மின்பலகையில் சர்ஜ் காப்பான் பொருத்தி, எர்த்திங்கையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். குழலில் பி.ஐ.எஸ். பதிவு எண் இல்லாவிட்டால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். பூச்சிப் பொறியில் எரியும் நீலக் குழலை வயர்மேன் தவறுதலாக மாற்றிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். பூச்சியை இழுக்கும் புற ஊதாக் கதிர் சாதாரண எல்.இ.டி.யில் கிடையாது.

வாங்கும் முன் ஸ்ரீகாரியத்தில் இருக்கும் எனர்ஜி மேனேஜ்மென்ட் சென்டருக்கு ஒரு நடை போய் வாருங்கள். எரிசக்திச் சேமிப்புச் சட்டப்படி கேரளத்துக்குப் பொறுப்பான அமைப்பு அது. மோட்டார், அடுப்பு எல்லாவற்றையும் சேர்த்துத் தணிக்கை செய்துகொள்ள வழி கேளுங்கள். உங்களைப் போன்ற ஆலையில் விளக்கைவிட அடுப்புதான் அதிகம் தின்னும்.

கழற்றும் குழல்களில் பாதரசம் இருக்கிறது. உற்பத்தி நிற்கும் நாளில், எண்ணெயையும் சரக்கையும் மூடிவைத்து, ஒன்றும் உடையாமல் இறக்கி அட்டைப் பெட்டியில் அடுக்குங்கள். மாநில அரசின் கிளீன் கேரளா கம்பெனியில் கேட்டு அவர்கள் சொல்லும் வழியில் ஒப்படையுங்கள், பழைய சாமான் வாங்கும் ஆக்ரிக்காரரிடம் போட வேண்டாம். ஓண ஆர்டர் தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே வேலையை முடித்துவிட்டால், புது வெளிச்சத்தில் பதம் பார்க்க மாஸ்டருக்கும் கண் பழகியிருக்கும்.