77 என்றால் 23 பேருக்குக் கோபமா?

கேள்வி: பெங்களூரு ஏரிகளைப் பற்றி முதுகலை ஆய்வு செய்கிறேன். நாசாவின் எர்த்டேட்டா தளத்தில் நிலப்பரப்பின் வெப்பநிலைத் தரவு, அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறையிடம் லேண்ட்சாட் படங்கள், நம் இஸ்ரோவின் பூநிதி தளத்தில் ரிசோர்ஸ்சாட் படங்கள் என்று எல்லாவற்றையும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்கிறேன். இந்நிலையில், ‘எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தியா?’ என்று நாசாவிலிருந்து மின்னஞ்சல் வருகிறது. பத்துக்கு எத்தனை தருவீர்கள் என்று ஒரே மாதிரி மூன்று கேள்விகள் வேறு. கிடைக்கும் மதிப்பெண் 77, 78 என்ற அளவில் இருப்பதாகப் படித்தேன். நூறு பேரில் 23 பேர் அதிருப்தி அடைவது இவ்வளவு பெரிய அமைப்புக்குக் குறைவில்லையா? அதைவிட, யார் எத்தனை கோப்பு எடுத்தார்கள் என்பது அவர்கள் கணினியிலேயே பதிவாகியிருக்கும்போது நம்மைக் கேட்பானேன்?
— வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவதுதான் என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது. ஆனால் முதலாவதில் ஒரு முடிச்சு இருக்கிறது. அதை அவிழ்த்துவிட்டு அங்கே போவோம்.

77 என்பது தலைக்கணக்கு அல்ல. நூறு பேரில் 77 பேர் ‘திருப்தி’ என்று கை தூக்கினார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. பத்துக்கு நீங்கள் தரும் மதிப்பெண்ணை நூறுக்கு மாற்றியதால் வந்த எண் அது. நாசா 2004 முதல் ஆண்டுதோறும் இந்தக் கணிப்பை நடத்துகிறது. அதற்கு எடுத்துக்கொண்ட அளவுகோல் அமெரிக்க வாடிக்கையாளர் திருப்திக் குறியீடு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கிளாஸ் ஃபோர்னெல் என்ற பேராசிரியர் உருவாக்கிய அது 1994-இல் வெளிவரத் தொடங்கியது. விமான நிறுவனம், வங்கி, அரசு அலுவலகம் என்று எல்லாவற்றையும் இதே கோலால்தான் அளக்கிறார்கள்.

கணக்கு எளிது. மிகக் குறைந்த பதில் 1. அது பூச்சியமாக மாற வேண்டும். ஆகவே சராசரியிலிருந்து 1-ஐக் கழித்து, 9-ஆல் வகுத்து, 100-ஆல் பெருக்குகிறார்கள். எல்லோரும் பத்துக்கு 8 கொடுத்தால் 7-ஐ 9-ஆல் வகுக்க வேண்டும், கிடைப்பது 77.8. நீங்கள் படித்த 77-இன் உள்ளே இருப்பது, ஏறக்குறைய, பத்துக்கு எட்டு. பள்ளி விடைத்தாளில் எட்டு வாங்கிய பிள்ளையை யாரும் திட்டுவதில்லை.

ஆனால் இதே எண் வேறு விதமாகவும் வரலாம். பத்துப் பேரில் ஏழு பேர் முழுதாக 10 கொடுத்து, மீதி மூன்று பேர் 3 மட்டும் கொடுத்தால் சராசரி 7.9, குறியீடு மறுபடியும் 77-தான். முதல் கூட்டத்தில் எல்லோருக்கும் ஓரளவு நிறைவு. இரண்டாவதில் மூன்று பேர் எரிச்சலோடு போயிருக்கிறார்கள். அந்த மூவரும் ஒரே வகைப் பயனர்களாக இருந்தால், உதாரணமாக இணைய வேகம் குறைந்த ஊர்களிலிருந்து பெரிய கோப்புகளை எடுப்பவர்களாக இருந்தால், அந்த 77 ஒரு உண்மையை மூடி வைத்திருக்கிறது. 23 என்ற எண்ணில் நீங்கள் தேடிய அதிருப்தி, பதில்கள் எப்படிப் பரவிக் கிடக்கின்றன என்பதில்தான் அகப்படும்.

இனி, ‘ஒரே மாதிரி’ என்று நீங்கள் சொன்ன மூன்று கேள்விகள். மொத்தத்தில் எவ்வளவு திருப்தி? நீங்கள் எதிர்பார்த்ததோடு ஒப்பிட்டால் எப்படி? குறையே இல்லாத ஒரு சேவையை மனத்தில் வைத்துப் பார்த்தால் இது அதற்கு எவ்வளவு அருகில்? உங்கள் ஊர் தர்ஷினியில் நின்றபடி இட்லி சாப்பிடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ‘நன்றாக இருந்ததா?’ என்பது ஒரு கேள்வி. ‘முப்பது ரூபாய்க்கு நினைத்து வந்ததுபோல் இருந்ததா?’ என்பது வேறு. ‘உங்கள் பாட்டி சுடும் இட்லிக்கு எவ்வளவு கிட்டே?’ என்பது முற்றிலும் வேறு. மூன்றுக்கும் நீங்கள் தரும் எண்கள் ஒன்றாக இருக்காது. ஒரே கேள்வி என்றால் அன்றைய மனநிலை பதிலை இழுத்துவிடும். மூன்றைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஆட்டம் குறைகிறது.

இதில் எதிர்பார்ப்பு என்பது நின்ற இடத்தில் நிற்காது. 2004-இல் பெரிய தரவுத்தொகுப்பு வேண்டுமென்றால் நாடாவிலோ குறுந்தட்டிலோ பதிந்து தபாலில் அனுப்புவது சாதாரணம். வாரக்கணக்கில் காத்திருந்தவர்களும் நல்ல மதிப்பெண் கொடுத்தார்கள். இன்று பத்து நிமிடம் தாமதமானால் பொறுமை போய்விடுகிறது. இத்தனை ஆண்டுகளாக நாசாவின் குறியீடு பெரும்பாலும் 70-களின் நடுவிலும் மேற்பகுதியிலுமே நிற்கிறது. இதைத் தேக்கம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பயனர்களின் எதிர்பார்ப்பு ஓடிய வேகத்துக்குச் சேவையும் கூடவே ஓடியிருக்கிறது. இல்லாவிட்டால் எண் சரிந்திருக்கும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. பதிவிறக்க எண்ணிக்கை போதாதா?

லேண்ட்சாட் கதையைப் பாருங்கள். ஒரு காட்சிக்கு 600 டாலர் விலை வைத்திருந்த காலத்தில், மிக நன்றாக விற்ற ஆண்டான 2001-இல்கூட ஏறக்குறைய 25,000 படங்கள்தான் போயின. 2008-இல் எல்லாவற்றையும் இலவசமாக்கினார்கள். அதன்பின் ஆண்டுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டியது. ஓராண்டில் பயனர்களின் திருப்தி நாற்பது மடங்கு கூடியதா? இல்லை. விலை என்ற சுவர் விழுந்தது; அந்த எண்ணிக்கை அளந்தது சுவரின் உயரத்தை. நம் நாட்டிலும் இந்திய விண்வெளிக் கொள்கை 2023, 5 மீட்டரும் அதைவிடத் தெளிவு குறைந்ததுமான படங்களை இலவசமாகத் திறந்துவிட்டது. பூநிதியில் நீங்கள் காசில்லாமல் எடுப்பது அதனால்தான்.

எண்ணிக்கைக்கு வேறு குறைகளும் உண்டு. இறக்கம் பாதியில் அறுந்து மூன்று முறை முயன்றால் கணினி அதை மூன்று வெற்றியாகக் குறித்துக்கொள்ளலாம். ஒரு ஆய்வுக்கூடத்தின் நிரல் இரவெல்லாம் தானாகவே ஆயிரம் கோப்புகளை எடுத்து, அவை யாரும் பார்க்காமல் கிடப்பதும் நடக்கும். மாறாக, வர்த்தூர் ஏரியின் ஜூலை மாதப் படத்தை ஒரு மணி நேரம் தேடி, கிடைத்ததெல்லாம் மேகம் மூடியதாக இருந்து, பக்கத்தை மூடிவிட்டுப் போனவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அவர் எதையும் எடுக்கவில்லையே.

இவற்றைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று: நிறைவாக எடுத்துப் போய்த் தவறாகப் பயன்படுத்துவது. லேண்ட்சாட் கோப்பில் இருப்பது நேரடியான பிரதிபலிப்பு அளவு அல்ல. பிரதிபலிப்பு என்றால், விழுந்த ஒளியில் எத்தனை பங்கு திரும்பி வந்தது என்பது. கோப்பில் இருப்பது சுருக்கி வைத்த முழு எண். முன்பு அதை 0.0001-ஆல் பெருக்கினாலே போதுமானதாக இருந்தது. 2020 டிசம்பரில் வெளியான இரண்டாம் தொகுப்பில் விதி மாறியது: 0.0000275-ஆல் பெருக்கி, 0.2-ஐக் கழிக்க வேண்டும். உங்கள் ஏரித் தண்ணீருக்குக் கோப்பில் 9,000 என்று இருந்தால், சரியான விதிப்படி கிடைப்பது 0.0475. நூற்றில் ஐந்து பங்குக்கும் குறைவான ஒளியைத் திருப்பும் கருநீர், நம்பத்தக்கது. பழைய விதியைப் போட்டால் 0.9 வரும். பெல்லந்தூர் ஏரியில் இமயமலைப் பனி கொட்டிக் கிடப்பதாக ஆகிவிடும். அவ்வளவு அபத்தமாக வந்தால் மாணவர் திடுக்கிட்டுத் திருத்திக்கொள்வார். ஆனால் இரண்டு ஒளிப்பட்டைகளைக் கழித்து வகுக்கும் குறியீடுகளில் பிழை இவ்வளவு பச்சையாகத் தெரியாது. எண் ஒரு மாதிரி சரியாகவே தோன்றும். பயிற்சி வகுப்புகளில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பதிவிறக்கக் கணக்கில் அந்த மாணவர் வெற்றிகரமான பயனர். திருப்திக் கணிப்பில் அவரே 9 கொடுக்கக்கூடும்.

ஆகவேதான் அந்த மூன்று கேள்விகளோடு படிவம் நிற்பதில்லை. தேடுவது எப்படி இருந்தது, தேர்ந்தெடுப்பது, விளக்க ஆவணம், கோப்பு வந்துசேர்ந்த விதம், தரவின் தரம், உதவி கேட்டபோது கிடைத்த பதில் என்று தனித்தனியாகக் கேட்கிறார்கள். பிறகு ஒரு புள்ளியியல் வேலை நடக்கிறது: இவற்றில் எது ஒன்று உயர்ந்தால் மொத்தத் திருப்தி அதிகமாக உயரும் என்று கணக்கிடுகிறார்கள். இதைத் தாக்கம் என்பார்கள். மதிப்பெண்ணும் தாக்கமும் ஒன்றல்ல. உதவி மேசை ஏற்கெனவே நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தால் அதில் இன்னும் நான்கு பேரை உட்கார வைத்துப் பெரிய பயன் இராது. தேடும் பக்கம் குழப்பமாக இருந்து, அதன் தாக்கமும் பெரிதாக இருந்தால், பணம் போக வேண்டிய இடம் அது. அடுத்த ஆண்டு எந்தக் கதவைச் செப்பனிடுவது என்று முடிவு செய்யத்தான் உங்கள் பதில் தேவைப்படுகிறது. பாராட்டு வாங்குவதற்கு அல்ல.

இந்த முறைக்கும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. பதிவு செய்த பயனர்களுக்குத்தான் மின்னஞ்சல் போகும். அதிலும் அக்கறை உள்ளவர்கள், அல்லது கோபம் உள்ளவர்கள் பதில் போடுவார்கள். வெறுத்துப் போய் விலகியவர் பட்டியலிலேயே இருக்க மாட்டார். ஹைதராபாத்தில் தேசியத் தொலையுணர்வு மையம் ஆண்டுதோறும் பயனர் சந்திப்பு நடத்துகிறது. முகம் பார்த்துக் குறை சொல்ல அது நல்ல இடம்; ஆனாலும் அங்கே போய்ச் சேர்வோர் ஏற்கெனவே தரவோடு பழகியவர்கள்.

படத்தை ஒருநாளும் கண்ணால் பாராத பயனரை எப்படிக் கேட்பது? உங்கள் ஊரிலேயே அதற்கு ஒரு பதில் இருக்கிறது. எலஹங்காவில் கர்நாடக மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம் இருக்கிறது. 1988-இல் வறட்சிக் கண்காணிப்புப் பிரிவாகத் தொடங்கியது. இன்று மாநிலம் முழுவதும், கிராமப் பஞ்சாயத்துக்கு ஒன்று என்ற கணக்கில், 6,000-க்கும் மேற்பட்ட தானியங்கி மழைமானிகள் அங்கே தகவல் அனுப்புகின்றன. ‘வருண மித்ரா’ என்ற தொலைபேசிச் சேவைக்குக் கோலாரிலிருந்தோ பெல்லாரியிலிருந்தோ ஒரு விவசாயி கூப்பிட்டுத் தன் ஹோப்ளியின் பெயரைச் சொல்வார். ஹோப்ளி என்பது தாலுகாவுக்குக் கீழே சில ஊர்களைச் சேர்த்த பிரிவு. நம் பக்கத்துப் பிர்க்கா போல. அடுத்த சில நாட்களுக்கு அங்கே மழை வருமா என்று கன்னடத்தில் பதில் கிடைக்கும். அவரும் புவித்தரவுப் பயனர்தான். பத்துக்கு எத்தனை என்று அவரிடம் கேட்டால், மரியாதைக்காகப் பத்து என்பார். அதனால் யாருக்கும் பயன் இல்லை. நேற்றுக் கூப்பிட்டவர் இன்றும் கூப்பிட்டால் நம்பிக்கை என்று கொள்ளலாமா? கொள்ளலாம், நேற்றுச் சொன்னது புரியவில்லை என்றும் கொள்ளலாம்.

அங்கே கேள்வியையே மாற்ற வேண்டியிருக்கிறது. டெல்லியிலுள்ள தேசியப் பயன்பாட்டுப் பொருளாதார ஆய்வுக் கழகம் 2020-இல் வெளியிட்ட ஆய்வு அதைச் செய்தது. வானிலை ஆலோசனை கேட்டபின் என்ன மாற்றினீர்கள் என்று விவசாயிகளிடம் விசாரித்தார்கள். விதைப்பு நாள், உழவு, உரமிடும் நேரம், மருந்தடிப்பு, நீர் பாய்ச்சுவது, அறுவடை, பயிர், பயிர்வகை, விளைச்சலைப் பாதுகாப்பது என ஒன்பது காரியங்கள். அவற்றில் ஒன்றையாவது மாற்றியதாக 98 விழுக்காட்டினர் சொன்னார்கள். திருப்தி என்ற சொல்லே இல்லாமல் திருப்தியைத் தொட்டுவிட்ட கேள்வி இது. வயலில் ஒரு நாள் தள்ளிப் போட்ட மருந்தடிப்பு, பத்துக்கு எட்டு என்பதைவிட எனக்குத் தெளிவாகப் பேசுகிறது. ஆய்வுத் தரவு மையங்களும் இந்த வகைக் கேள்விகளைப் படிவத்தில் இன்னும் கூட்டினால் நல்லது என்பது என் எண்ணம். ‘பிடித்ததா?’ என்பதோடு, ‘இதை வைத்து என்ன முடிவு எடுத்தீர்கள்?’ என்றும் கேட்கட்டும்.

ஆகவே அடுத்த முறை அந்த மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடாதீர்கள். எண்களை மனத்தில் பட்டபடி போடுங்கள். நாகரிகத்துக்காகக் கூட்ட வேண்டாம், எரிச்சலில் குறைக்கவும் வேண்டாம். கடைசியில் உங்கள் சொற்களில் எழுத ஒரு பெட்டி இருந்தால், அதில்தான் நேரம் செலவிடுங்கள். நீங்கள் தேடிக் கிடைக்காமல் போனது எது, எந்த மாதம், எத்தனை மணி நேரம் போயிற்று, எந்த ஆவணத்தில் எந்த வரி புரியவில்லை என்று எழுதுங்கள். இப்படி எழுத இது நல்ல நேரம். மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் கொண்ட நைசார் செயற்கைக்கோளை இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவின. பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை அது அதே பாதையில் திரும்ப வரும். ரேடார் படத்தை வாசிப்பது கண்ணால் பார்க்கும் படத்தை வாசிப்பதுபோல் அல்ல. புதிதாகப் பழகுபவர்களுக்கு எந்த வகையான விளக்கம் வேண்டும் என்பதை விளக்க ஆவணம் எழுதுகிறவர்கள் இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றாவது கேள்வி குறையே இல்லாத ஒரு சேவையைக் கற்பனை செய்யச் சொல்கிறதல்லவா? அதை அப்படியே எழுதி அனுப்பிவிடுங்கள்: வர்த்தூர் ஏரி, ஜூலை மாதம், நீர்ப்பரப்பின் எல்லை, மேகம் இல்லாமல், அதை எப்படி வாசிப்பது என்ற ஒரு பக்க விளக்கத்தோடு.