இரண்டாங்கட்டுக்கு வைஃபை

அன்புள்ள தம்பிக்கு,

காரைக்குடியில் தனியாக வேலை எடுத்துச் செய்கிறாய் என்பதில் மகிழ்ச்சி. நீ எழுதி அனுப்பியவை பல கேள்விகள் போலத் தெரிந்தாலும், வெவ்வேறு வீடுகளில் நடந்த ஒரே கதைதான். முகப்பில் நெட் நன்றாக ஓடுகிறது. இரண்டாங்கட்டில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆச்சி இன்னொரு ரவுட்டர் வாங்கி வைக்கச் சொல்கிறார். வைத்தாய், ஓடியது. கொஞ்ச நாளில் பிரின்டர் காணாமல் போனது. டிவி ஒரு வைஃபையில், போன் இன்னொன்றில், ஒன்றுக்கொன்று தெரியவில்லை. பெட்டி செய்த கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. பெட்டி அதன் வேலையைத்தான் செய்திருக்கிறது.

முதலில் உன் ஊர் வீடுகளைப் பற்றி. செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நீளவாக்கில் போய்க்கொண்டே இருக்கும். சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புமாக நல்ல பருமன். பெட்டியின் அட்டையில் என்ன வேகம் அச்சிட்டிருந்தாலும், அப்படிப்பட்ட சுவர் மூன்றைத் தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் அலை உருப்படியாக வந்து சேராது. 2.4 ஓரளவு நுழையும். ஆனால் நகரத்து அடுக்ககங்களில் கிடைக்காத ஒரு வசதி இந்த வீடுகளில் உண்டு. வளவு வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், அறைகள் எல்லாம் அதை நோக்கியே திறக்கின்றன. அலைக்கு அங்கே தடையே இல்லை. இரண்டாவது பெட்டியை அலமாரிக்குள் ஒளித்து வைக்காமல், முற்றத்தைப் பார்த்தபடி தாழ்வாரத்தில், சாரல் படாத உயரத்தில் வைத்தால் பாதித் தலைவலி அங்கேயே போய்விடும். இரும்பு பீரோவை ஒட்டியும், பெரிய நிலைக்கண்ணாடிக்குப் பின்னாலும் வைக்காதே. கண்ணாடியின் பின்பூச்சு உலோகம்.

ஏணியை இறக்குவதற்கு முன் லேப்டாப்பை எடு. ஃபைபர் லைன் வந்து முடியும் பெட்டியான ஓஎன்டி முகப்பில் இருக்கும்; அதில் கேபிளைச் செருகி வேகம் பார். லைனே மந்தமாக இருந்தால் வீட்டில் எத்தனை ரவுட்டர் வைத்தாலும் மந்தம்தான். அதை ஆச்சியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பு. லைன் சரியாக இருந்தால், சிக்னல் காட்டும் செயலியைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு வீடு முழுக்க நட. மைனஸ் 67 டிபிஎம் வரை வீடியோ காலுக்குச் சிக்கல் இல்லை. மைனஸ் 80க்குக் கீழே போனால் கோடுகள் தெரியும், நெட் ஓடாது. எந்த அறையில் யார் உட்காருவார்கள், எங்கே டிவி, எங்கே பேரப்பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு என்று கேட்டுக்கொள். பூட்டிக் கிடக்கும் சாமான் அறைக்குச் சிக்னல் கொண்டுபோய் யாருக்கு என்ன லாபம்?

இனி நான் சொல்ல நினைத்த விஷயம். இரண்டாவது ரவுட்டரிடமிருந்து ரவுட்டர் வேலையைப் பிடுங்கிவிடு.

நாம் ரவுட்டர் என்று சொல்லும் பெட்டிக்குள் மூன்று ஆட்கள் இருக்கிறார்கள். வெளி நெட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே நின்று, உள்ளே இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி கொடுப்பவர் ஒருவர். கேபிள்களை இணைக்கும் ஸ்விட்ச் இன்னொருவர். வைஃபை பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் மூன்றாமவர். முகப்பில் இருக்கும் ஓஎன்டியிலேயே முதல் ஆள் இருக்கிறார். இரண்டாங்கட்டுக்கு வேண்டியது பின்னிரண்டு பேர்தான். முதல் ஆளையும் அங்கே விட்டுவைத்ததுதான் உன் எல்லாப் புகார்களுக்கும் மூலம்.

அது எப்படி நடக்கிறது என்று பார். 192.168 என்று தொடங்கும் முகவரிகள் வீடு, அலுவலகம் போன்ற உள் வலைகளுக்காக ஒதுக்கப்பட்டவை. 1996இல் வந்த ஆர்எஃப்சி 1918 அதை வரையறுக்கிறது. அதனால் உலகம் முழுக்கப் பெரும்பாலான வீட்டுப் பெட்டிகள் அதே எண்களோடுதான் வருகின்றன. முகப்பிலிருந்து வந்த கேபிளை இரண்டாவது ரவுட்டரில் வெளி நெட்டுக்கென்று இருக்கும் வான் போர்ட்டில் செருகினாய் என்றால், அது தனக்குப் பின்னால் இன்னொரு வலையை உண்டாக்கிக்கொள்ளும். நெட் வரும், ஆனால் பின்கட்டுப் போனுக்கு முன்கட்டு டிவி கண்ணில் படாது. இரண்டு பெட்டிகளும் 192.168.1 வரிசையையே பிடித்துக்கொண்டிருந்தால் பெரும்பாலும் நெட்டே வராது. சரி என்று கேபிளை உள் வலைக்கான லான் போர்ட்டுக்கு மாற்றி, முகவரி கொடுக்கும் வேலையான டிஎச்சிபியை நிறுத்த மறந்தாய் என்றால் இன்னும் மோசம். ஒரே தெருவுக்கு இரண்டு பேர் தனித்தனியாகக் கதவு எண் எழுதுவது போல, எந்தப் பெட்டி முந்திப் பதில் சொல்கிறதோ அந்தப் பெட்டியின் முகவரியைக் கருவி வாங்கிக்கொள்ளும். சில போனுக்கு நெட் வரும், சில போனில் ‘இணைந்துள்ளது, இணையம் இல்லை’ என்று நிற்கும். நாளைக்கு அதுவே மாறியிருக்கும். இந்த மாதிரி மாறி மாறி வரும் கோளாறுதான் வாடிக்கையாளரின் நம்பிக்கையைக் கெடுக்கும்.

செய்முறை சிறியது. புதுப் பெட்டியை முகப்பு வலையோடு சேர்க்காமல், உன் லேப்டாப்போடு மட்டும் கேபிளால் இணை. அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் உள்நுழையும் முகவரி இருக்கும். மெனுவில் ஆக்சஸ் பாயின்ட் மோடு இருந்தால் அதைத் தேர்ந்தெடு. மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். அந்த மோடு இல்லாத பழைய பெட்டி என்றால் வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் முதலில் போடு. பிறகு லான் முகவரியை மாற்று: முகப்புப் பெட்டி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2. முகப்புப் பெட்டி விநியோகிக்கும் எண்களுக்குள் அந்த 2 இருக்கக் கூடாது. இருந்தால் விநியோகத்தை 20இலிருந்தோ 100இலிருந்தோ தொடங்க வை. கடைசியாக டிஎச்சிபியை நிறுத்து. இதைக் கடைசியில் வைக்கச் சொல்வதற்குக் காரணம், அதன் பிறகு உன் லேப்டாப்புக்கே அந்தப் பெட்டி முகவரி கொடுக்காது. எல்லாம் முடிந்ததும் முகப்புக் கேபிளை லான் போர்ட் ஒன்றில் செருகு. வான் போர்ட்டில் எதுவும் வேண்டாம். வேகம் கூடும் என்று நினைத்து இரண்டு பெட்டிக்கும் நடுவே இரண்டு கேபிள் போட்டுவிடாதே. மலிவான பெட்டிகளுக்கு அந்தச் சுற்றை அறுக்கத் தெரியாது. ஒரே செய்தி உள்ளே வளையவந்து மொத்த வீட்டு வலையும் படுத்துவிடும்.

ஏற்கெனவே கடையில் ரிப்பீட்டர் வாங்கி வைத்திருக்கும் வீடுகளும் வரும். ஒரே ரேடியோவில் கேட்டுக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகும், அதுவும் நல்ல சிக்னல் விழுகிற இடத்தில் வைத்தால். கேபிள் இழுக்க வழியே இல்லாத வீட்டுக்கு மெஷ் பெட்டிகள் பரவாயில்லை. வழி இருந்தால் கேபிள்தான். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன்.

கேபிளில் காசு மிச்சம் பிடிக்காதே. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பியைச் செம்பு விலைக்குப் பாதியில் தருவார்கள். கிரிம்ப் செய்யும்போதே உடையும், கொஞ்ச காலத்தில் இணைப்பு விட்டுவிடும். முழுச் செம்பு கேட் 6 வாங்கு. ஒரே இழுப்பில் 100 மீட்டர் வரை போகலாம்; இரண்டு தெருவுக்கு நடுவே நீளும் வீட்டுக்கும் அது போதும். இரண்டு முனையிலும் ஒரே நிற வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. கிகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும். நீல, பழுப்பு ஜோடிகளில் ஒரு கம்பி பிடிக்காவிட்டாலும் இணைப்பு பெரும்பாலும் சத்தமில்லாமல் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிக்கொள்ளும். விளக்கு எரிவதால் யாருக்கும் தெரியாது. லேப்டாப்பில் இணைப்பு வேகம் 1000 என்று காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அந்த வேலையை முடித்ததாக எண்ணு. புதுப் பெட்டியின் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் என்றால் ஆச்சி 200 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டினாலும் பின்கட்டில் 94, 95தான் கிடைக்கும். வாங்குவதற்கு முன் இதைச் சொல்லிவிடு.

முட்டை வெண்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சிலும், தேக்கு நிலையிலும் டிரில் வைக்காதே. அப்படியொரு சுவரைப் பழையபடி பூசித்தர இன்று ஆள் கிடைப்பது அரிது. தாழ்வாரத்து உத்தரத்தின் மேல்பக்கம், ஜன்னல் மேல் காற்றுப் போக்கி இப்படி வழி தேடு. கரன்ட் ஒயர் போகும் பைப்புக்குள் நெட் கேபிளை நுழைக்காதே. குறுக்கே போக வேண்டியிருந்தால் செங்கோணத்தில் தாண்டு. முற்றத்தில் வெயில் படும் இடத்துக்கு, வெளிப்புறத்துக்கென்று வரும் கருப்பு உறை கேபிள். சாதாரணச் சாம்பல் உறை வெயிலில் வெடிக்கும்.

பெயர் ஒன்றா இரண்டா என்று கேட்டிருந்தாய். சோதிக்கும்போது இரண்டாவது பெட்டிக்கு வேறு பெயர் வை. எந்தப் பெட்டியோடு பேசுகிறாய் என்பது சந்தேகமில்லாமல் தெரியும். எல்லாம் சரியானதும் இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, ஒரே பாதுகாப்பு முறை. சேனல் மட்டும் வேறு வேறு: 2.4இல் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11. முகப்பில் 1 என்றால் பின்கட்டில் 6 அல்லது 11. இந்தியாவில் 13 வரை சேனல் உண்டு. ஆனால் அமெரிக்காவிலிருந்து வரும் மகனின் போன், லேப்டாப்புக்கு 12, 13 தெரியாமல் போகலாம். அந்தப் பக்கம் போகாதே. அங்கிருந்து யாராவது ரவுட்டர் கொண்டுவந்து கொடுத்தால் முதலில் அடாப்டரைத் திருப்பிப் பார்: 100-240 வோல்ட் என்றிருந்தால் சரி, 120 மட்டும் என்றிருந்தால் நம் பிளக்கில் செருகாதே.

ஆச்சி முகப்பிலிருந்து அடுப்படிக்கு நடந்து வந்த பிறகும் போன் முகப்புப் பெட்டியையே பிடித்துத் தொங்குகிறது என்று புகார் வரும். எந்தப் பெட்டியைப் பிடிப்பது என்று முடிவு செய்வது போன், ரவுட்டர் இல்லை. நீ செய்யக்கூடியது பெட்டிகள் அலை பரப்பும் ஆற்றலைக் குறைப்பது. எல்லோரும் கூட்டவே நினைப்பார்கள். குறைத்தால் தூரம் போனதும் சிக்னல் மெலியும், போன் தானே அடுத்ததைத் தேடும்.

ஆனால் எல்லா வீட்டிலும் ஒரே வலைதான் வேண்டும் என்று சட்டமில்லை. பின்கட்டை வாடகைக்கு விட்டவர்கள், வீட்டின் ஒரு பகுதியை விருந்தினர் விடுதியாக்கியவர்கள் உன் ஊரில் உண்டு. அங்கே பிரித்துத்தான் ஆக வேண்டும்: இரண்டாவது பெட்டியை ரவுட்டராகவே விட்டு, வான் போர்ட்டில் செருகி, 192.168.2 வரிசையைக் கொடு. இதில் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். விருந்தினரை இரண்டாவது பெட்டிக்குப் பின்னால் வைத்தால், அங்கிருந்து முகப்பு வலையில் உள்ள பிரின்டரையும் கேமரா பெட்டியையும் அவர்களால் எட்ட முடியும். முகப்பு வலையிலிருந்து பின்னால் எட்டுவதுதான் கடினம். ஆகவே வீட்டுக்காரரின் கருவிகள் இரண்டாவது பெட்டிக்குப் பின்னால், விருந்தினர் முதலாவதில். முதல் பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடு. கெஸ்ட் வைஃபை என்று மெனுவில் இருப்பதை நம்பி ஆக்சஸ் பாயின்ட் மோடில் விட்டுவிடாதே. நிறைய மலிவுப் பெட்டிகளில் அந்த மோடில் பிரிப்பு வேலை செய்வதில்லை.

சிங்கப்பூரிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்க்க வேண்டும் என்பார்கள். இரண்டு ரவுட்டருக்குப் பின்னால் கேமராப் பதிவுப் பெட்டியான டிவிஆர் இருந்தால் போர்ட் ஃபார்வர்டை இரண்டு இடத்தில் செய்ய வேண்டும். அதற்கும் முன் ஓஎன்டியின் வான் முகவரியைப் பார், 100.64 முதல் 100.127 வரை ஏதாவதொன்றில் தொடங்கினால் ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன, நீ எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து வர முடியாது. கேமரா கம்பெனியின் கிளவுட் செயலியைப் பயன்படுத்தலாம், அல்லது மாதக் கட்டணம் கட்டி நிலையான முகவரி கேட்டு வாங்கலாம்.

கரன்ட் போனால் என்ன ஆகும் என்றும் பார்த்துவிடு. முகப்புப் பெட்டி இன்வெர்ட்டரில் இருக்கும். நீ வைத்த பெட்டி சாதாரண பிளக்கில் இருக்கும். கரன்ட் போன நேரத்தில்தான் எல்லோரும் போனை எடுப்பார்கள். கிளம்புமுன் பெட்டியின் அடியில் அதன் முகவரி, மோடு, கேபிள் எந்த வழியாக வருகிறது என்பதை மார்க்கரில் எழுதி ஒட்டு. நாளைக்கு வேறொருவர் வந்து ரீசெட் பட்டனை அழுத்தினால் டிஎச்சிபி மறுபடி உயிர் பெறும். அதையும் அந்தச் சீட்டிலேயே எழுதிவிடு.

தேவகோட்டை வீட்டில் தோட்டத்துக்கு அப்பால் இருக்கும் தனிக் கட்டடத்துக்கு எப்படி என்று கேட்டிருந்தாய். அங்கே செம்புக் கேபிள் வேண்டாம். ஐப்பசி இடி மின்னலில் திறந்தவெளிச் செம்பு இரண்டு முனையிலும் இருக்கும் பெட்டிகளைக் கொன்றுவிடும். கண்ணாடி இழை மின்சாரம் கடத்தாது, ஆகவே ஃபைபர் போடு. இரும்புக் கம்பியோடு சேர்ந்து வரும் டிராப் கேபிள் என்றால் அந்தக் கம்பியை இரு முனையிலும் கட்டடத்துக்கு வெளியிலேயே வெட்டிவிடு. ஒவ்வொரு முனையிலும் ஃபைபரைச் செம்புக் கேபிளோடு இணைக்கும் ஒரு மீடியா கன்வெர்ட்டர், அங்கிருந்து குட்டை பேட்ச் கேபிளில் ரவுட்டர். ஒற்றை இழையில் ஓடும் கன்வெர்ட்டர்கள் ஏ, பி என்று ஜோடியாக வரும், ஒன்று அனுப்பும் அலைநீளத்தை மற்றது வாங்கும். இரண்டு ஏ வாங்கிவந்தால் ஒன்றோடொன்று பேசாது. கடையிலேயே பெட்டியைத் திறந்து ஏ ஒன்று, பி ஒன்று இருக்கிறதா என்று பார்த்து வாங்கு.

அன்புடன்,
அண்ணன்