முதலில் எது?

திருவள்ளுவர், மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிலிருந்து கவனிப்பவனையும் அவர் சேர்க்கிறார். அவனுக்கு ‘உழைச்செல்வான்’ என்று பெயர். ‘உழை’ என்றால் பக்கம். இன்று அப்பணியைச் செய்வோர் செவிலியர்.

திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 1951-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதன் மருத்துவமனைக்குக் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். ஆகவே அங்குள்ள வார்டுகளில் மலையாளத்தோடு தமிழும் ஒலிக்கும். நகரின் செவிலிய மாணவியர் பலர் இத்தகைய வார்டுகளில்தான் தொழிலைக் கற்கின்றனர்.

மருத்துவர் கண்டறிவது நோயை. செவிலியர் கண்டறிவது அந்நோயால் நோயாளி படும் இடர்களை. ‘நிமோனியா’ என்று மருத்துவர் எழுதினால், ‘சளி தேங்கியதால் மூச்சுப்பாதை அடைபட்டுள்ளது’ என்று செவிலியர் எழுதுவார். இதுவே செவிலிய நோயறிதல். 1973-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் கூடிய மாநாடு இவற்றை முறையாகத் தொகுக்கத் தொடங்கியது. ஒரே நோயாளிக்கு இத்தகைய குறிப்புகள் நான்கைந்து இருக்கும். அவற்றுள் எதை முதலில் கவனிப்பது என்பதே மாணவியருக்குக் கடினமான பாடம்.

நாகர்கோவிலிலிருந்து வந்த முதியவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். வயிற்றின் மேற்பகுதியில் அறுவை நடந்து ஒரு நாள் ஆகிறது. வலியால் ஓயாமல் முனகுகிறார். ஊரில் தனித்திருக்கும் பேத்தியை நினைத்துக் கலங்குகிறார். இரவெல்லாம் உறக்கமில்லை. பயிற்சி மாணவி, கேட்ட வரிசையிலேயே ஏட்டில் எழுதுகிறாள்: வலி, கவலை, உறக்கமின்மை.

ஆசிரியை ஏட்டைப் பார்த்துவிட்டு, அவருடைய மூச்சை எண்ணச் சொல்கிறார். நிமிடத்திற்கு 30! ஓய்விலிருக்கும் பெரியவருக்கு 12 முதல் 20 வரை இருந்தால் இயல்பு. விரலில் மாட்டிய கருவி, இரத்தத்தில் ஆக்சிஜன் 89 விழுக்காடு என்று காட்டுகிறது. உடனே தலைமாட்டை உயர்த்துகின்றனர்; மருத்துவரை அழைக்கின்றனர்; ஆக்சிஜன் தரப்படுகிறது.

“மூச்சு முட்டுவதை ஏன் சொல்லவில்லை, தாத்தா?” என்று மாணவி தமிழில் கேட்கிறாள்.

“யாரும் கேட்கவில்லையே, மக்களே!” என்கிறார் அவர்.

மூச்சுப்பாதை, மூச்சு, இரத்த ஓட்டம் என்பதே செவிலியர் கற்கும் முதல் வரிசை. உயிருக்கு இடர் தருவது முன்னே, மற்றவை பின்னே. ஆனால் வரிசையை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. முதியவருக்குச் சளி ஏன் தேங்கியது? தையலிட்ட இடம் வலிக்கும் என்று அஞ்சி, அவர் இருமாமலும் மூச்சை ஆழ இழுக்காமலும் கிடந்தார். அப்படியானால் வலியைப் பின்னுக்குத் தள்ளிவிட முடியுமா? வலிக்கு மருந்து கொடுத்து, வயிற்றோடு தலையணையை அணைத்துக்கொண்டு இருமக் கற்பித்தால்தான் சளி வெளியேறும். மாணவி ‘வலி’யை அழிக்கவில்லை, மூச்சுக்கு அடுத்த வரியில், ‘இருமலைத் தடுக்கிறது’ என்ற காரணத்துடன் எழுதுகிறாள்.

மறுநாள் காலை மூச்சு நிமிடத்திற்கு 18. ஏட்டில் புதிய வரிசை எழுதப்படுகிறது. முதல் நாள் கீழே இறங்கிய பேத்தியின் கவலை இப்போது மேலே வருகிறது. மாணவி, முதியவரின் கைப்பேசியை எடுத்து ஊருக்கு அழைத்துத் தருகிறாள்.