புல்தரையா, பூச்செடியா? எக்ஸெல் சொல்லும் பதில்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் எக்ஸெல் தொகுப்பை அலுவலகத்திற்கு மட்டுமே உரியது என்று எண்ணி ஒதுக்கி விடுகின்றனர். வீட்டுக் கணக்கு ஒன்றின் மூலம் அதனைக் கற்றுக் கொள்வோம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதியில் வாசலில் புல்தரை வைத்திருப்பவர்களுக்கு இது உடனே பயன்படும்.

2019 கோடையில் செம்பரம்பாக்கம் உட்பட சென்னையின் ஏரிகள் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் நீருடன் முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அப்படிப்பட்ட ஊரில் புல்லுக்கு எவ்வளவு நீர் செலவாகிறது என்று பார்க்க வேண்டாமா?

அடிப்படை எளிது. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. உயரத்திற்கு நீர் நின்றால் அது சரியாக 1 லிட்டர். ஒரு சதுர அடி என்பது 0.0929 சதுர மீட்டர். வெயில் நாளில் புல்லுக்குச் சுமார் 5 மி.மீ. நீர் வேண்டும்.

இனி எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பைத் திறந்திடுங்கள். பி1 செல்லில் "லாரி நீர்", சி1 செல்லில் "போர் நீர்" என டைப் செய்திடுங்கள். ஏ2 முதல் ஏ7 வரை கீழ்க்காணும் தலைப்புகளையும், அவற்றிற்கு எதிரே பி, சி இரண்டிலும் எண்களையும் தரவும். இவை மாதிரி எண்களே. உங்கள் வீட்டு எண்களைப் பின்னர் மாற்றிக் கொள்ளலாம்.

2. புல்தரை, சதுர அடி: 400
3. ஒரு நாள் நீர், மி.மீ.: 5
4. நீர் விடும் நாட்கள்: 200
5. ஒரு லிட்டரின் விலை: பி5-ல் 0.15, சி5-ல் 0.0025
6. ஆண்டிற்கு மிச்சமாகும் பராமரிப்புக் கூலி: 2400
7. மாற்றி அமைக்கும் செலவு: 12000

12,000 லிட்டர் லாரி 1,800 ரூபாய் என்றால் லிட்டருக்கு 15 பைசா. போரில் 1,000 லிட்டர் ஏற்ற அரை யூனிட் மின்சாரம், யூனிட் 5 ரூபாய் என்றால் லிட்டருக்குக் கால் பைசா.

அடுத்து பார்முலாக்கள். இவற்றை சமக்குறியுடன் தொடங்க வேண்டும். செல் பெயர்களைக் கீபோர்டில் ஆங்கில எழுத்துகளாகவே டைப் செய்து என்டர் தட்டவும்.

பி8, புல் குடிக்கும் நீர்: =பி2*0.0929*பி3*பி4
பி9, மிச்சமாகும் நீர்: =பி8*0.75
பி10, ஆண்டுச் சேமிப்பு: =பி9*பி5+பி6
பி11, செலவு திரும்பும் ஆண்டுகள்: =பி7/பி10

நந்தியாவட்டை, நொச்சி, ஆவாரை, காகிதப்பூ போன்றவற்றை நட்டு, சொட்டு நீர்க் குழாய் போட்டு, மண்ணைக் காய்ந்த இலைகளால் மூடினால் நான்கில் ஒரு பங்கு நீர் போதும் என்று வைத்துக் கொண்டுள்ளோம். அதனால்தான் 0.75. கன்றுகள் வேர் பிடிக்கும் வரை கூடுதல் நீர் வேண்டுமாதலால், முதல் ஆண்டில் மிச்சம் குறையும்.

பி8 முதல் பி11 வரை மவுஸால் தேர்வு செய்து, வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தைப் பிடித்து சி வரிசைக்கு இழுத்திடுங்கள். பி2 என்பது தானாகவே சி2 என மாறிவிடும். எக்ஸெல்லின் மிகப் பயனுள்ள வசதி இதுதான்.

விடையைப் பாருங்கள். புல் ஆண்டிற்கு 37,160 லிட்டர் குடிக்கிறது. 27,870 லிட்டர் மிச்சமாகும். லாரி நீர் வாங்குபவருக்குச் செலவு 1.82 ஆண்டுகளில் திரும்பும். போர் நீருக்கு 4.86 ஆண்டுகள். புல்லை நீங்களே வெட்டுபவரானால் பி6, சி6 இரண்டிலும் 0 தரவும். லாரிக்கு 2.87 ஆண்டுகள் ஆகும். போருக்கோ 172 ஆண்டுகள்!

அப்படியானால் போர் உள்ளவர் மாற்ற வேண்டாமா? பதினோராவது வரி ரூபாயை மட்டும் பார்க்கிறது. ஒன்பதாவது வரியில் லிட்டர் கணக்கு இருவருக்கும் ஒன்றே. போர் வற்றினால் சி5-ல் 0.15 போட வேண்டியதுதான்.

இன்னொரு பார்முலா. பி12 செல்லில் =பி2*0.0929*1400 எனத் தரவும். சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ. அந்த 400 சதுர அடியில் விழும் மழை நீர் 52,024 லிட்டர் என்று விடை வரும். புல் குடிப்பதை விட இது அதிகம். எனவே புல்லை எடுத்துவிட்டு சிமென்ட் போட்டு விடாதீர்கள். நிலத்தில் இறங்க வேண்டிய இந்த நீர் தெருவிற்கு ஓடிவிடும். வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்பு, செப்டம்பரில் கன்றுகளை நட்டால் வேர் பிடிக்க மழையே உதவும்.

கண்ட்ரோல் + எஸ் அழுத்தி பைலை சேவ் செய்திடுங்கள். லாரி விலை மாறும்போது பி5-ஐ மட்டும் மாற்றினால் போதும். மற்றவை தாமே மாறிக் கொள்ளும்.