மின் மிதிவண்டியில் கட்டுப்பாட்டுக் கருவியை இணைக்கும் முறை

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்திற்குக் காய்கறிக் கூடையும் நூற்பொதியும் ஏற்றிச் செல்லும் அன்பர்களுக்கு, மிதிவண்டியில் பூட்டும் மின்மோட்டார் நல்ல துணையாகும். ஆனால் இணைப்பில் பிழை நேரின், கட்டுப்பாட்டுக் கருவி நொடியில் கருகிவிடும். போட்ட பணமும் போகும். ஆதலின் முறையை அறிவோம்.

பாட்டரியின் நேர்மின்சாரத்தை இக்கருவி மூன்று தடித்த கம்பிகளின் வழியே முறைமாற்றி மோட்டாருக்கு அளிக்கிறது. சக்கரம் எந்நிலையில் உள்ளது என்பதை ஐந்து மெல்லிய கம்பிகள் கருவிக்குத் தெரிவிக்கின்றன.

முதலில், பாட்டரியும் கருவியும் மோட்டாரும் 36 அல்லது 48 என ஒரே வோல்ட் அளவின என்று உறுதி செய்வோம். பின்னர் தடித்த கம்பிகள், மெல்லிய கம்பிகள், ஆக்ஸிலேட்டர், பிரேக் ஆகியவற்றை இவ்வரிசையில் இணைப்போம். நிறத்தை மட்டும் நம்பாது, கருவியுடன் வந்த படத்தை ஒப்பிடுதல் வேண்டும். பாட்டரியை இறுதியிலேயே, பியூஸ் வைத்து இணைத்தல் வேண்டும்; அதன் இரு முனைகளும் மாறலாகாது.

அடுத்து, சக்கரத்தைத் தரையினின்று உயர்த்தி ஆக்ஸிலேட்டரை மெல்லத் திருகுவோம். சக்கரம் சுழலாது அதிர்ந்து உறுமினால் கம்பிகளின் வரிசை பிழை. உடனே நிறுத்திப் பாட்டரியைக் கழற்றுக.

கடலோரத்தார்க்கு ஒரு சொல். உப்புக்காற்றால் செம்புக் கம்பியில் களிம்பு ஏறும். களிம்பேறிய இணைப்பு சூடேறி உருகும். ஆகவே இணைப்புகளை உறையிட்டு மூடி, மாதமொருமுறை பார்த்தல் நலம்.

மோட்டார் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைந்திருக்கட்டும்; மீறினால் வண்டியைப் பதிவு செய்தல் வேண்டும்.