பாலை மரத்தை இனங்காணலும் வளர்த்தலும்

வறண்ட வலயத்தில் ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கும் மரம் எதுவெனக் கமக்காரர் பலர் வினவுகின்றனர். ஊசியிலை மரம் எதுவும் இலங்கைக்குச் சுதேசமானதன்று. மலைநாட்டிற் காணப்படும் பைனசும் சைப்பிரசும் பிறநாடுகளிலிருந்து கொணரப்பட்டவை. எமது மண்ணுக்குரிய பாலை மரமோ கடும் வரட்சியிலும் இலையுதிர்த்து மொட்டையாவதில்லை. வன்னி, மன்னார், வில்பத்து, யால ஆகிய இடங்களின் காடுகளில் இதனைக் காணலாம்.

பாலை என்னும் பெயர் பல மரங்களுக்கு வழங்குவதால், விதை சேகரிப்போர் ஏமாறுதல் உண்டு. காயத்தில் பால் வடிதல் மட்டும் போதிய அடையாளமன்று. ஏழிலைப்பாலையில் ஒரு கணுவைச் சூழ்ந்து நான்கு முதல் ஏழு இலைகள் வரை நிற்கும். அதன் மரம் மென்மையானது. வெட்பாலையில் இலைகள் எதிரெதிராக அமைந்து, வரட்சியில் உதிர்ந்துவிடும். உண்மைப் பாலையின் இலைகளோ கொம்புகளின் நுனியில் நெருங்கியிருக்கும். தோல்போல் தடித்து, மேற்புறம் கரும்பச்சையாக இருக்கும். இலையின் நுனியைப் பாருங்கள். அது கூராக முடியாது, சிறிது உட்குழிந்திருக்கும். இதுவே நம்பத்தக்க அடையாளம். பட்டை கருமையாய் வெடித்திருக்கும்; வைரம் செந்நிறமாய் மிகக் கனமாயிருக்கும்.

வைகாசி முதல் ஆடி வரை மஞ்சட் பழங்கள் கிடைக்கும். இனிமையானவையெனினும், மிகுதியாக உண்டால் பால் உதட்டில் ஒட்டும். இப்பழத்தைக் கரடியும் பெரிதும் விரும்பும். ஆதலால் பழக்காலத்திற் காட்டினுட் செல்லாது, கோயில் வளவுகளிலும் வீட்டு வளவுகளிலும் உள்ள மரங்களின் கீழே விழும் பழங்களைப் பொறுக்குதல் நன்று. பழத்துக்காகக் கொம்புகளை வெட்டி வீழ்த்தும் வழக்கம் மிகவும் கேடானது. மெதுவாக வளரும் இம்மரம் இழந்த கொம்பை ஈடுசெய்யப் பல்லாண்டு செல்லும்.

விதை விரைவில் முளைதிறனை இழக்கும். ஆகவே சதையை நீக்கிக் கழுவி, நிழலில் உலர்த்திச் சில நாட்களுள் விதைத்தல் வேண்டும். ஆணிவேர் கெடாதிருக்க, மணலும் மக்கிய எருவும் கலந்த ஆழமான பைகளில் அரை அங்குல ஆழத்தில் விதையை இடுக. இளங்கன்றுக்குச் சிறிது நிழல் தேவை.

ஐப்பசி மழை தொடங்கியதும், இரண்டடி ஆழக் குழிகளில் முப்பதடி இடைவெளியில் நடலாம். முதலிரு கோடைகளிலும் நீரூற்றி, ஆடு மாடு தீண்டாதவாறு முள்வேலி இடுதல் அவசியம். சப்போட்டாவை ஒட்டுவதற்குப் பாலைக் கன்று சிறந்த அடிக்கட்டையாகும். எனினும் அது பென்சில் அளவு தடிப்பதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் செல்லும். எனவே, ஒட்டுவதற்கென வளர்ப்போர் தேவைக்கு மேலதிகமான கன்றுகளை முன்கூட்டியே விதைத்து வைத்துக்கொள்ளல் வேண்டும்.