பென் டிஸ்ப்ளே வாங்கும் முன்: வரையும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு பாடம்



2024 நவம்பரில் நம் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் திறக்கப்பட்டது. அதன் பிறகு ‘கணினி வேலை’ என்ற பேச்சு நம் வீடுகளில் கூடியிருக்கிறது. கணினி வேலை என்றால் மென்பொருள் எழுதுவது மட்டுமல்ல. அனிமேஷன், விளம்பர வடிவமைப்பு, பாடநூல் படங்கள், துணி டிசைன், கட்டட உள்ளலங்காரம் ஆகிய எல்லாவற்றிலும் இன்று படம் கணினியில்தான் வரையப்படுகிறது. வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை என்பதால் நம் பெண்மக்கள் பலருக்கும் இதில் ஆர்வம் இருக்கிறது.

இந்தப் படிப்பில் சேரும் பிள்ளைகள் வீட்டில் முதலில் கேட்பது பென் டிஸ்ப்ளே. அதன் விலை ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு. சரியாகத் தேர்ந்தால் அது பல ஆண்டுகள் சோறு போடும் கருவி. அவசரப்பட்டு வாங்கினால் அலமாரியில் தூங்கும் பொருள். ஆகவே, வாங்கும் முன் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

மூன்று வகைக் கருவிகள்

1. பென் டேப்லெட். இதில் திரை இல்லை. மேசையில் உள்ள பலகையில் கை வரையும், கண் கணினித் திரையைப் பார்க்கும். கை பழக ஓரிரு வாரங்கள் ஆகலாம். சில ஆயிரம் ரூபாயிலேயே கிடைக்கிறது.

2. பென் டிஸ்ப்ளே. இதில் பலகையே திரை. தாளில் வரைவதுபோல், பேனா படும் இடத்திலேயே கோடு தோன்றும். ஆனால் இது கணினி அல்ல. மடிக்கணினியோ மேசைக்கணினியோ இல்லாமல் தனியே இயங்காது. சிறிய அளவுகள் இருபதாயிரம் ரூபாயை ஒட்டித் தொடங்குகின்றன. உயர்வகைகள் லட்சத்தைத் தாண்டும்.

3. தனித்து இயங்கும் டேப்லெட். ஐபேட், எஸ் பென் வசதியுள்ள சாம்சங் டேப்லெட் போன்றவை. வீட்டில் கணினியே இல்லை என்றால், பென் டிஸ்ப்ளேயை விட இதுவே பொருத்தமாக இருக்கலாம்.

இரண்டாம் வகையைக் கேட்கும் பிள்ளையிடம் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: “இதை இணைக்க வீட்டில் என்ன கணினி இருக்கிறது?” படம் வரையும் மென்பொருள்கள் ஓரளவு வேகமாக ஓட 8 ஜி.பி. ரேம் வேண்டும், 16 ஜி.பி. இருந்தால் நல்லது. பழைய மடிக்கணினியோடு விலை உயர்ந்த டிஸ்ப்ளேயை இணைத்தால் கோடு பேனாவின் பின்னால் தள்ளாடித்தான் வரும். அப்படியானால் பணத்தை முதலில் கணினிக்குச் செலவிட வேண்டும்.

என்ன வேலைக்கு?

‘எது நல்ல கம்பெனி?’ என்ற கேள்வி பிறகு. ‘என்ன வேலைக்கு?’ என்பதே முதல் கேள்வி.

கட்டட வரைபடம், லோகோ போன்ற வேலைகளில் அளவும் கோணமும்தான் முக்கியம். மவுஸும் விசைப்பலகையுமே பெரும்பாலும் போதும். புகைப்படம் திருத்துவோருக்குத் திரையில்லாத பலகையே போதுமானது. கதைப்படம், அனிமேஷன், புத்தக ஓவியம் என்று நாள் முழுதும் கையால் கோடு இழுப்போருக்குத்தான் பென் டிஸ்ப்ளே உண்மையில் பயன்படும்.

அரபு எழுத்தணி பழகும் பிள்ளைகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. நாணல் பேனாவின் நுனியைச் சாய்வாக வெட்டுவார்கள். அதைப் பிடிக்கும் கோணத்தால்தான் எழுத்தில் தடிப்பும் மெலிவும் வருகின்றன. டிஜிட்டல் பேனாவில் அந்த வேலைக்கு உதவுவது ‘டில்ட்’ எனப்படும் சாய்வு உணர்வு. அது இல்லாத பேனாவை எழுத்தணிக்கு வாங்க வேண்டாம்.

எதை வரையலாம் என்பதில் மார்க்க ரீதியான ஐயம் உள்ளவர்கள் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறட்டும். எழுத்தணி, துணி டிசைன், அறிவியல் படம், கட்டடக் காட்சி என்று இத்துறையில் வழிகள் பல உண்டு.

கவனிக்க வேண்டிய ஆறு அம்சங்கள்

பேனா: ஜப்பானின் வேக்கம் நிறுவனம் 1983 முதல் இத்துறையில் இருக்கிறது. திரைக்கு அடியிலுள்ள பலகை மின்காந்த அலையை அனுப்ப, பேனாவினுள் இருக்கும் சுருள் அதிலிருந்தே சக்தி பெற்றுத் தன் இடத்தைத் திருப்பிச் சொல்கிறது. அதனால் பேனாவுக்கு பேட்டரி தேவையில்லை. சீன நிறுவனங்களான ஹுயோன், எக்ஸ்பி பென் ஆகியவையும் இன்று இந்த முறையில் பேனாக்களைத் தருகின்றன. விளம்பரங்களில் 8192, 16384 என்று அழுத்த நிலைகளைப் போடுவார்கள். 8192-க்கு மேல் உள்ள வேறுபாட்டைக் கை உணர்வது அரிது. மிக மெல்லத் தொட்டாலே கோடு விழுகிறதா, கோடு நடுங்காமல் வருகிறதா என்பவையே முக்கியம்.

அளவும் துல்லியமும்: ஒரே 1920 x 1080 புள்ளிகளை 13 அங்குலத் திரையில் பரப்பினால் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 165 புள்ளிகள் கிடைக்கும். 16 அங்குலத்தில் சுமார் 140, 22 அங்குலத்தில் சுமார் 100. பெரிய திரை வாங்கினால் புள்ளிகளும் கூட வேண்டும், இல்லையேல் கோட்டின் ஓரம் பிசிறாகத் தெரியும். சிறிய வீடுகளில் படிப்பு மேசையின் அளவையும் பாருங்கள். மாணவர்களுக்கு 13 முதல் 16 அங்குலம் வரை பெரும்பாலும் போதும்.

கண்ணாடி: மலிவான வகைகளில் மேல் கண்ணாடிக்கும் திரைக்கும் இடையே காற்றிடைவெளி இருக்கும். பேனா முனை ஓரிடம், கோடு சற்றுத் தள்ளி ஓரிடம் என்று தெரியும். ‘லேமினேட்’ செய்த திரையில் இந்தக் குறை மிகக் குறைவு. தொழிலாகச் செய்ய நினைப்போர் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

நிறம்: கைபேசி, இணையம், வீடியோ வேலைகளுக்கு எஸ்.ஆர்.ஜி.பி. நிறப்பரப்பு 100 விழுக்காட்டை ஒட்டி இருந்தால் போதும். அச்சு வேலைக்கு அடோபி ஆர்.ஜி.பி. அளவையும் பாருங்கள். திரை மூன்று நிற ஒளியால் காட்டுகிறது, அச்சகம் நான்கு மையால் அச்சிடுகிறது. எனவே எவ்வளவு விலை உயர்ந்த திரையானாலும், நிக்காஹ் அழைப்பிதழை மொத்தமாக அச்சிடக் கொடுக்கும் முன் ஒரு மாதிரிப் பிரதி எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

இணைப்பு: மடிக்கணினியில் யு.எஸ்.பி. சி துளை இருந்தாலே படம் வந்துவிடாது. எல்லா சி துளைகளும் காட்சியை அனுப்புவதில்லை. உங்கள் கணினி மாடலின் விவரத்தில் அதில் டிஸ்ப்ளேபோர்ட் வசதி உண்டா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எச்.டி.எம்.ஐ. வழியே இணைக்கும் வகையை வாங்குங்கள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் பேட்டரி கிடையாது. மின்தடை வந்தால் மடிக்கணினி ஓடினாலும் டிஸ்ப்ளே அணைந்துவிடலாம்.

சர்வீஸ்: இந்தியாவில் வாரண்டி உண்டா, மாற்றுப் பேனா தனியே கிடைக்குமா, நிப் கிடைக்குமா என்று கேளுங்கள். பேனா பொதுவாக மாடலுக்கு மாடல் மாறும். ஒன்றின் பேனா இன்னொன்றில் எழுதாது.

கடையில் சோதிப்பது எப்படி?

பட்டாபிராமில் மின்ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால், அங்கிருந்து அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு அதிக தூரமில்லை. இணையத்தில் வாங்குவதாக இருந்தாலும் ஒருமுறை கையில் தொட்டுப் பாருங்கள். நேரில் பார்க்க முடியாவிட்டால், பெட்டி வீட்டுக்கு வந்ததும், திருப்பித் தரும் கெடுவுக்குள் இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள்.

• ஸ்கேல் வைத்துக் குறுக்காக, மிக மெதுவாக ஒரு கோடு இழுங்கள். அலைபோல் நெளிந்தால் அது நடுக்கம்.
• நான்கு மூலைகளிலும் புள்ளி வையுங்கள். பேனாவும் புள்ளியும் ஒன்றாக நிற்கின்றனவா பாருங்கள்.
• வேகமாகக் கிறுக்குங்கள். கோடு எவ்வளவு பின்தங்குகிறது என்று தெரியும்.
• திரை முழுதும் வெள்ளை, பிறகு கறுப்பு வைத்து, செத்த புள்ளிகள் உண்டா என்று தேடுங்கள்.

பழைய பொருள் வாங்குவோர் கேபிள் துளை ஆடுகிறதா, பேனாவின் பொத்தான்கள் வேலை செய்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

பணம்: படிப்படியாக

நம் பரிந்துரை இதுதான். முதலில் திரையில்லாத பலகை ஒன்று. அதனுடன் கிரிட்டா என்ற இலவச மென்பொருள். அனிமேஷன் பழக பிளெண்டர், அதுவும் இலவசம். ஆறு மாதம் தவறாமல் வரையட்டும். அதன் பிறகும் ஆர்வம் குறையாமல், கல்லூரியிலிருந்தோ வாடிக்கையாளரிடமிருந்தோ வேலை வரத் தொடங்கினால் பென் டிஸ்ப்ளேக்குப் போகலாம். முதல் பலகைக்குக் கொடுத்த பணம் வீணாகாது. அதில் பழகிய கை அப்படியே உதவும்.

‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ என்ற அறிவிப்பைக் கண்டு பலர் வட்டியில்லை என்று எண்ணுகிறார்கள். பூஜ்ய வட்டி என்ற ஒன்று உண்மையில் இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. பெரும்பாலும் வங்கி வட்டி போடும், அந்தத் தொகையை விற்பவர் விலையில் தள்ளுபடியாகக் கழிப்பார். வட்டி மீதான ஜி.எஸ்.டி.யும் நம் கணக்கில் ஏறும். வட்டியைத் தவிர்க்க விரும்பும் குடும்பங்கள் கையொப்பமிடும் முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். மாதம் ஒரு தொகை சேர்த்து வாங்குவது, உறவினரிடம் அழகிய கடன் கேட்பது, ஒரே தெருவில் வரையும் இரண்டு மூன்று பிள்ளைகள் ஒரு கருவியை முறை வைத்துப் பயன்படுத்துவது ஆகியவை நம்மிடம் உள்ள நல்ல வழிகள்.

பணம் கொடுக்கும் முன் எழுதிப் பார்க்க

1. என்ன வேலைக்கு வாங்குகிறோம்?
2. நம் கணினியில் எந்தத் துளை இருக்கிறது?
3. திரை லேமினேட் செய்ததா? பேனாவில் சாய்வு உணர்வு உண்டா?
4. வாரண்டி, மாற்றுப் பேனா, நிப் இங்கே கிடைக்குமா?
5. ஜி.எஸ்.டி. ரசீது தருவார்களா?
6. ஸ்டாண்ட் உடன் வருகிறதா? இல்லையென்றால் அதன் விலையையும் சேர்த்தோமா? குனிந்தே வரைந்தால் கழுத்தும் முதுகும் கெடும்.

இந்த ஆறுக்கும் விடை எழுத முடியவில்லை என்றால் இன்னும் ஒரு மாதம் பொறுங்கள். கருவி ஓடிவிடாது. அந்த ஒரு மாதமும் பிள்ளை பென்சிலாலும் தாளாலும் வரைந்துகொண்டிருக்கட்டும். கோட்டின் உறுதி அங்கேதான் பிறக்கிறது.

நம் பிள்ளைகளின் கைத்திறனை அவர்களுக்கும் பிறருக்கும் பயன் தருவதாக அல்லாஹ் ஆக்கித் தருவானாக. வஸ்ஸலாம்.